சோத்துக்கை எது?

இரத்மலானை
03.02.2025

பெனடிக்ற்,

இந்தக் கடிதம் கத்திப் பெட்டிக்குள் வருகிறது. பெட்டியில் நூறு கத்திகளும் இரண்டு கடிதங்களும் இருக்கும். நீல உறை உங்கள் முகாமையாளருக்கு, வெள்ளை உறை உங்களுக்கு. மாறிக் கொடுத்துவிட வேண்டாம்.

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, ஆகவே ஆறு மாதம் எழுதிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். போய் ஐந்து கிழமை. நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. எங்கள் கம்பனி நண்டுத் தொழிற்சாலைகளுக்கென்று செய்த கத்தியைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு இடம் தேவைப்பட்டது. நீங்கள் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருக்கும் தொழிற்சாலை தெரிவாகியிருக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பெட்டி வந்துபோகும்.

கத்தியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றித்தான் கதைத்தேன். சிறிய கைக்கும், வாதம் வந்த விரலுக்கும், ஒரு விரல் குறைந்த கைக்கும் பொருந்தும் பிடி. பெருவிரல் சாய்ந்திருக்க ஒரு பள்ளம். ஒரு பக்கம் மட்டும் தீட்டிய அலகு, அதனால் சதை சிதையாமல் ஓட்டிலிருந்து கழன்று வரும். பெட்டி மூடியில் 'எல்லாக் கைகளுக்கும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது விளம்பரப் பகுதி எழுதிய வசனம். நான் மறுக்கவில்லை.

வீடு இருக்கிறது. உங்கள் கதிரையில் கோப்புகளை அடுக்கியிருக்கிறேன். நேற்று மீன் ரின் ஒன்றின் தகர மூடியை வெட்டினேன். இருபத்து மூன்று வருடமாக இந்த வீட்டில் ரின் வெட்டுகிறவள் நான்தான். நேற்றும் அப்படித்தான். ஆனால் அதற்காக நான் கோபப்பட எதிரில் ஆளில்லை.

யூன் முடிவோடு உங்கள் ஆறு மாதம் முடிகிறது. வருவீர்களா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை.

நிறஞ்சலா


தாழ்வுபாடு
15.02.2025

நிறஞ்சலாவுக்கு,

நீல உறையை நீலத்துக்கு உரியவரிடம் கொடுத்தேன். வெள்ளையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐஸ் அறைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். பிறகு இன்னொருமுறை வாசித்தேன்.

கத்தி வந்ததும் மேசையில் ஒரே ஆரவாரம். எங்கள் லூர்தம்மாவை உமக்குத் தெரியாது. வயது அறுபத்தொன்று, விரல் மூட்டுகள் எல்லாம் இஞ்சி மாதிரி. நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலையில் பதினைந்து வருடம். கத்தியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, விரல் நோகேல்லை. இதைச் செய்த பிள்ளைக்கு மாதாவிட்ட ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும்" என்றா.

"அது என்ர மனிசிதான், அம்மா."

"அப்ப நீர் ஏன் இஞ்ச நிக்கிறீர்?"

தொண்ணூறு பெண்களும் சிரித்தார்கள். நான் தட்டுகளை எண்ணப் போனேன்.

ஒரு குறையும் எழுத வேண்டும். டிலோஜினி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், வயது இருபத்து நாலு. இந்த மேசையில் அவளுடைய கைதான் வேகமான கை. மற்றவர்கள் மூன்று தட்டு நிரப்பும்போது அவள் நாலு நிரப்புவாள். உமது கத்தி வந்த நாளிலிருந்து இரண்டுதான். செவ்வாய்க்கிழமை சுட்டுவிரலை வெட்டிக்கொண்டாள். பழகிவிடுவாள் என்று முகாமையாளர் சொல்கிறார்.

நானும் ஒரு நண்டை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. ஆனால் அது என் கை. என் கையைப் பற்றி உமது கருத்து எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். கத்தியை வடிவமைக்க நீர் ஆட்களிடம் படிவம் நிரப்பியது மூன்று தொழிற்சாலைகளில். மற்ற இரண்டும் கொழும்பிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் போகக்கூடியவை. பரீட்சிக்க ஏன் இந்த மன்னார்?

இங்கே இப்போது காற்று அடங்கிவிட்டது. வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது கடல் தட்டையாகக் கிடக்கிறது. பார்க்க ஒரு ஆள் போதாது.

பெனடிக்ற்


இரத்மலானை
01.03.2025

பெனடிக்ற்,

உங்கள் எழுத்து அப்படியே இருக்கிறது, ஈரமணலில் நண்டு ஓடியது போல. இரண்டு சொற்களை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒன்று 'ஆள்' என்று நினைக்கிறேன்.

டிலோஜினியின் விடயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒருவருடைய வேகம் குறைந்ததை வைத்துக் கருவியைக் குறை சொல்ல முடியாது. வேகமான ஆட்கள் தங்கள் பழைய கத்திக்கு அதிகம் பழகியிருப்பார்கள், அவர்களுக்குத்தான் மாறுவது கடினம். மேலும் இருநூற்றுப் பதினாலு பேரிடம் படிவம் நிரப்பித்தான் பிடியை வடிவமைத்தோம். விரல் நீளம், உள்ளங்கை அகலம், மூட்டு வலி, பழைய காயம் எல்லாம் கேட்டோம். ஏழாம் கேள்வி எந்தக் கை என்பது. இருநூற்றுப் பதினாலு பேரும் வலது என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் கேள்வியை நானே எழுதினேன். கம்பனிக் கந்தோரில் மொழிபெயர்த்துத் தந்தது 'உமது ஆதிக்கக் கை யாது?' என்று இருந்தது. வாசித்தால் பொலிஸ் விசாரணை போல இருந்தது. அதை அடித்துவிட்டு 'உங்கள் சோத்துக்கை எது?' என்று போட்டேன். நாங்கள் வீட்டில் பேசுகிற சொல், எவருக்கும் விளங்கும். அந்தப் படிவத்தில் எனக்குப் பெருமை தந்த ஒரே வரி அதுதான்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு கிழமை பயிற்சி கொடுத்துப் பாருங்கள்.

என் கருத்து என்று ஏதோ எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையைப் பற்றி எனக்கு என்ன கருத்து இருக்கிறது? விளங்கவில்லை. சொல்வதென்றால் நேராகச் சொல்லுங்கள்.

மன்னார் ஏன் என்பதற்குப் பதில், போக்குவரத்து வசதி.

நிறஞ்சலா


தாழ்வுபாடு
13.03.2025

நிறஞ்சலாவுக்கு,

போக்குவரத்து வசதி என்று எழுதியதை வாசித்துச் சிரித்தேன். பெட்டி நேற்றும் ஒரு நாள் பிந்தித்தான் வந்தது.

நேராகச் சொல்கிறேன். இரண்டு விடயம்.

முதலாவது. திங்கட்கிழமை மதியம் பெண்கள் சாப்பிடும் இடத்துக்குப் போனேன். டிலோஜினி சோற்றுப் பார்சலைப் பிரித்து வலக்கையால் பிசைந்துகொண்டிருந்தாள். காலையில் முழுக்க அவளைக் கவனித்திருந்தேன். கத்தி இருந்தது இடக்கையில்.

"பிள்ளை, போன வருசம் ஒரு படிவம் நிரப்பினீங்கள் எல்லோ, உம்மட சோத்துக்கை எது எண்டு?"

"ஓம் சேர்." சோறு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுதானே."

"அப்ப கத்தி பிடிக்கிற கை?"

"அது மற்றது. நீங்கள் அதைக் கேக்கேல்லையே. சோத்துக்கையைத்தானே கேட்டனீங்கள்?"

பக்கத்தில் இருந்த லூர்தம்மா விடவில்லை. "ஏன் தம்பி, கொழும்பில சனம் பீச்சங்கையாலயோ சோறு தின்னுது?"

நிறஞ்சலா, எங்கள் ஊரில் எந்தத் தாய் பிள்ளையை இடக்கையால் சாப்பிட விட்டிருக்கிறாள்? சோத்துக்கை எது என்று கேட்டால் எல்லாருக்கும் வலதுதான். நீர் கேட்டது அவர்கள் வேலை செய்யும் கையை. அவர்கள் சொன்னது அந்தச் சொல்லின் அர்த்தத்தை.

கேள்வியை மாற்றி, எந்தக் கையால் பல் விளக்குகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு போனேன். "எனக்குப் பல்லே இல்லை, எந்தக் கையைச் சொல்ல?" என்று லூர்தம்மா. அவவை விட்டுவிட்டு எண்ணினேன். இந்த ஒரு தொழிற்சாலையில் மட்டும் பதினொரு பேர். உமது பெருவிரல் பள்ளம் அவர்களுக்கு விரலின் முதுகில் குத்துகிறது. ஒரு பக்கம் தீட்டிய அலகு சதைக்குள் போகாமல் கைப்பக்கம் திரும்புகிறது. அதுதான் வெட்டியிருக்கிறது.

இரண்டாவது. நத்தார்ப் பூசை முடிந்து அன்று மதியம் உமது அண்ணன் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. மாதிரிக் கத்தி ஒன்றால் நான் வத்தகப்பழம் வெட்டினேன், பிடி உடைந்தது. நீர் அண்ணனைப் பார்த்து, "இவருக்குச் சொத்திக்கை, எதைக் குடுத்தாலும் உடைப்பார்" என்றீர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலாம் நாள் மன்னார் பஸ்ஸில் ஏறினேன்.

ஆறு வயதில் கோயிலில் இடக்கையால் சிலுவை அடையாளம் போட்டதற்கு அம்மா அந்தக் கையை ஊனம் என்று அடித்துச் சொன்ன சொல் அது. எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் கும்பிடுவதற்கும் வலக்கையை அவ பழக்கினா. என் எழுத்து நண்டு ஓடியது போல இருப்பது அதனால்தான். மற்ற வேலைகளுக்கு இடக்கையை ஒருவரும் கவனிக்காததால் அது தப்பிவிட்டது.

உம்மை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஓகஸ்ட் மாதம் அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்துவிட்டு, சரியா என்று பார்க்க என்னிடம்தான் முதலில் நீட்டினீர். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடக்கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டு, வலக்கையால் பேனையை எடுத்து, ஏழாம் கேள்வியில் 'வலது' என்பதன் கீழ் கோடு போட்டேன். நீர் பார்த்துக்கொண்டு நின்றீர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பெனடிக்ற்


இரத்மலானை
27.03.2025

பெனடிக்ற்,

இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அந்தச் சொல்லைச் சொன்னது எனக்கு நினைவில்லை. அண்ணனிடம் கேட்டேன். சொன்னதாகச் சொன்னார், தான் சிரித்ததையும் சொன்னார். நினைவில்லை என்பதை ஒரு சாட்டாக எழுதவில்லை. நினைவில்லாமல் சொல்லக்கூடியவளாக இருந்திருக்கிறேன். இன்னும் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இருநூற்றுப் பதினாலு பேரில் ஒரு இடக்கைக்காரர்கூட இல்லை என்று கணினி காட்டியபோது நான் நம்பினேன். எந்த ஊரிலும் எந்தக் கூட்டத்திலும் அது நடக்காது. பயிற்சிக்கு வரும் முதல் வருட மாணவி அப்படி ஒரு முடிவைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன். எதையும் சந்தேகிப்பவள் என்று பெயரெடுத்தவள் நான். என் சொந்தச் சொல்லை மட்டும் சந்தேகிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று சமையலறையில் நின்று ஒரு மீன் ரின்னை எடுத்து, ரின் வெட்டியை இடக்கையில் பிடித்துப் பார்த்தேன். பல் ரின்னின் விளிம்பில் கொழுவவில்லை. திருகினால் வழுக்கிக்கொண்டு போனது. ரின்னைத் திருப்பினேன், என்னைத் திருப்பினேன், மேசையைச் சுற்றி மற்றப் பக்கம் போனேன். கால் மணித்தியாலம் போனது. கடைசியில் அழுதேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகவே எழுதவில்லை.

இருபத்து மூன்று வருடம் உங்களைச் சோம்பேறி என்றேன். நீங்கள் ஒரு நாளாவது இது என் கைக்குச் சரிவராது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தொடங்கினேன். பிறகு உங்கள் கடிதத்தின் இரண்டாவது விடயத்தை மீண்டும் வாசித்தேன்.

வீடு முழுக்கத் தேடினேன். கத்திரிக்கோல், மரக்கறித் தோல் சீவி, ஒரு பக்கம் மூக்கு வைத்த கறிக் கரண்டி, எல்லாம் வலக்கைக்கு. தோல் சீவி எங்கள் கம்பனியுடையது, வடிவமைத்தவள் நான். இந்த வீட்டில் உங்களுக்கென்று செய்த பொருள் ஒன்றுகூட இல்லை.

கத்தியின் அச்சு வார்த்தாகிவிட்டது. யூன் நடுப்பகுதியில் வெளியீடு. பணிப்பாளரிடம் மேலோட்டமாகச் சொன்னேன். பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் 'வலக்கைப் பாவனைக்கு' என்று போட்டால் போதும் என்கிறார். மூடியில் 'எல்லாக் கைகளுக்கும்', அடியில் 'வலக்கைக்கு'. எழுத்தில் கொடுத்தால் வெளியீடு நிற்கும், என் பொறுப்பும் போகும். இன்னும் கொடுக்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கோப்புகளை உங்கள் கதிரையிலிருந்து எடுத்துவிட்டேன். கதிரை வெறுமையாக இருப்பது அதைவிட மோசமாக இருக்கிறது.

நிறஞ்சலா


தாழ்வுபாடு
10.04.2025

நிறஞ்சலாவுக்கு,

அழுதேன் என்று நீர் எழுதாததை வாசித்தேன்.

டிலோஜினியை மேசையிலிருந்து எடுத்துத் தட்டுக் கழுவ விட்டுவிட்டார்கள். பழைய கத்தியைத் தாருங்கள் என்று கேட்டாள், எல்லாரும் ஒரே கத்தி என்பதுதான் உத்தரவு என்றார்கள். இதை உம்மைக் குத்த எழுதவில்லை. நீர் கடைசியில் என்ன முடிவெடுத்தாலும் அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பெட்டிக்குள் ஒரு கத்தியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பெருவிரல் பள்ளத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து எடுத்துவிட்டேன். அலகை இரண்டு பக்கமும் தீட்டினேன். பிடியில் சைக்கிள் ரியூப் சுற்றியிருக்கிறது. பார்க்க அசிங்கம்தான். கழுவுகிற இடத்தில் வைத்து டிலோஜினியிடம் கொடுத்தேன். ஒரு நண்டின் சதையை முழுதாக எடுத்துவிட்டு, "சேர், இது கதைக்குது" என்றாள். லூர்தம்மா வலக்கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் நோகேல்லை. வடிவுதான் இல்லை. அதுக்கென்ன, என்னைப் போல" என்றா.

அறிக்கை விடயத்தில் ஒரு தெளிவு இருக்கட்டும். நீர் அறிக்கை கொடுத்தால் நான் வருவேன், கொடுக்காவிட்டால் வரமாட்டேன் என்று ஒரு பேரம் என்னிடம் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தொடங்கியதாக எழுதியிருந்தீர். கேட்டிருக்கலாம். ரின் வெட்டத் தெரியாதவன் என்பதைவிடச் சோம்பேறி என்பது எனக்கு மரியாதையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இப்போது எழுதிப் பார்க்கும்போது முட்டாள்தனமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்து மரக்கறி வெட்டுவோம். முதல் வருடம் நீர் என் இடப்பக்கம் இருந்தீர். என் இடமுழங்கையும் உமது வலமுழங்கையும் இடித்தன. பிறகு நீர் கதிரையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டீர். இங்கே தனியாக ஒரு மேசையில் இருந்து வெட்டுகிறேன். ஒருவரும் இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் இடம் தாராளமாக இருக்கிறது.

பெரிய வெள்ளி வழிபாட்டுக்குப் போவேன். உமக்கும் சேர்த்துக் கும்பிடுவேன், எந்தக் கையால் என்று சொல்லமாட்டேன்.

பெனடிக்ற்


இரத்மலானை
04.05.2025

பெனடிக்ற்,

சென்ற திங்கட்கிழமை பணிப்பாளர் சபையில் எழுத்தில் கொடுத்தேன். முதல் வரியை உங்களுக்காகப் பிரதி செய்கிறேன். 'ஏழாம் கேள்வி என்னுடைய பிழை. அது கையைக் கேட்கவில்லை, வளர்ப்பைக் கேட்டது. ஆகவே இந்தக் கத்தி எல்லாக் கைகளுக்கும் உரியது என்று நாங்கள் சொல்ல முடியாது.'

அதன் பின் உங்கள் கத்தியை மேசையில் வைத்தேன். சைக்கிள் ரியூப்பைப் பார்த்து ஒருவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அவரும் நிறுத்திவிட்டார். செய்தவர் யார் என்று கேட்டார்கள். மன்னாரில் ஒரு இடக்கைக்காரர் என்றேன். என் கணவர் என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை அப்படி ஒரு சபையில் நான் சொல்லி நீண்ட நாள்.

வெளியீடு தள்ளிப்போய்விட்டது. கருவிப் பிரிவின் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு விட்டது மூன்று தொழிற்சாலைகளிலும் புதிதாகப் படிவம் நிரப்பும் வேலை மட்டும். பத்து வருடத்துக்கு முன் செய்த வேலை. மன்னாரில் தொடங்குகிறேன் என்றேன். பரீட்சை முடியும்வரை அந்தப் பதினொரு பேருக்கும் பழைய கத்தியோ தேய்த்த கத்தியோ கொடுக்கும்படி உங்கள் முகாமையாளருக்கு நீல உறையில் எழுதியிருக்கிறேன். இந்த முறை உறையை மாற்றிக் கொடுத்தாலும் பரவாயில்லை.

புதிய ஏழாம் கேள்வியில் கேள்வி இல்லை. ஒரு நண்டையும் ஒரு கத்தியையும் மேசையின் நடுவில் வைப்போம். ஆள் வந்து இருப்பார். எந்தக் கை நீளுகிறது என்று பார்த்து எழுதுவோம். இருபத்து மூன்று வருடம் ஒரு மேசையில் இருந்தும் நான் பார்க்காததை இனிப் பார்க்கப் பழக வேண்டும்.

சொத்தி என்று சொன்னதற்கு மன்னியுங்கள். இதற்கு முன்னும் பின்னும் விளக்கம் எழுதிப் பார்த்தேன், எல்லாம் அந்த வரியைப் பலவீனமாக்கின. அடித்துவிட்டேன்.

மன்னார் ஏன் என்று கேட்டீர்கள். பட்டியலில் மன்னார் கடைசியாக இருந்தது. முதலாவதாக மாற்றினது நான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை உங்கள் கை படும் ஒரு பொருளை அனுப்ப வேண்டும் போல இருந்தது.

யூன் இரண்டாம் திகதி வருகிறேன். உங்கள் ஆறு மாதம் முடிய அப்போது இன்னும் நாலு கிழமை இருக்கும் என்பது தெரியும். மன்னார் ரவுணில் ஒரு விடுதியில் அறை கேட்டு வைக்கவா? பதில் எழுதுங்கள். எந்தப் பதிலையும் வாசிப்பேன்.

நிறஞ்சலா


தாழ்வுபாடு
15.05.2025

நிறஞ்சலாவுக்கு,

இந்தக் கடிதத்தை இடக்கையால் எழுதுகிறேன். ஆறு வயதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஒரு வரிக்குப் பத்து நிமிடம் போகிறது. சிறிய கடிதம், பொறுத்துக்கொள்ளும்.

நேற்று டிலோஜினி மேசைக்குத் திரும்பிவிட்டாள். நாலு தட்டு.

நீர் வருகிற செய்தி லூர்தம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "மெழுகுதிரி வேலை செய்யுது" என்கிறா.

விடுதி வேண்டாம். ரின் வெட்டியும் கொண்டுவர வேண்டாம், இங்கே மீன் கடலில் இருக்கிறது. நான் வெட்டித் தருவேன்.

ஒரு மேசைதான் உண்டு. உமக்கென்று ஒரு கதிரை வாங்கிவிட்டேன். என் இடப்பக்கம் போட்டிருக்கிறேன்.

முழங்கை இடிக்கும். இடிக்கட்டும்.

பெனடிக்ற்